சதுர அடைப்பு

"கொடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டார் சங்கரலிங்கம்.

சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினார். கட்டிலில் கிடந்த மனைவி வெள்ளத்தாய் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க."

"ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லப் போறாங்க? நல்லா இருக்குன்னாங்க."

இந்தக் கடைசி வார்த்தை வேண்டாதது. பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை வாங்கி அடுக்குகிற குமாஸ்தா நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. வறண்ட உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, "சாப்பிட்டீயளா?" என்றாள்.

சாப்பிடவில்லை. காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய், அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்று, உள்ளே போன வேகத்தில் திரும்பி, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறார். அவள் எழுதிய ஆய்வேட்டின் பிரதிகள் கிடந்த ரெக்சின் பை நடையில், சைக்கிளுக்குப் பின்னால் இருந்தது. அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அலுவலகத்தில் நடந்தது இதுதான். குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முன்பக்கத்தில் கையெழுத்துகளைப் பார்த்தார். "ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்ப் பெயர்கள்" என்று தலைப்பை வாய்விட்டு வாசித்தார். நடுவில் எதையும் பார்க்காமல் நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போனார். துணைநூற்பட்டியல். அங்கே விரல் நின்றுவிட்டது.

"பெட்டியெல்லாம் காலியா இருக்கே சார்."

ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு சதுர அடைப்பு இருந்தது. அடைப்புக்குள் ஒன்றும் இல்லை. போன வருடம் வந்த விதி என்றார் குமாஸ்தா. தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதற்கு ஒரு குறி போட வேண்டும். அச்சிட்ட நூல் என்றால் நூ. இதழில் வந்த கட்டுரை என்றால் இ. ஏற்கெனவே ஒருவர் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வேடு என்றால் ஆ. கல்வெட்டுக்குக் க. ஆளைப் பார்த்து நேரில் கேட்டது என்றால் நே.

சங்கரலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப் அடிக்கிறவரிடம் வெள்ளத்தாய், "அடைப்பை மட்டும் அடிச்சு வைங்க, குறி நான் வந்து சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் படுத்தாள். டைப் அடிக்கிறவர் அடைப்பை மட்டும் அடித்து வைத்திருந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சா இங்கயே உக்காந்து எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று குமாஸ்தா பென்சிலை நீட்டினார். பென்சில் முனையாலேயே ஒரு வரியைத் தொட்டார். "இது என்ன, நூலா, ஆளா?"

மொக்கைச்சாமி, வத்திராயிருப்பு, 1989 என்று இருந்தது.

சங்கரலிங்கம் நூற்பாலையில் பிட்டர். எந்த மெஷினில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிறவர். பள்ளிக்கூட டீச்சரான மனைவி வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை தோறும் குடையோடு கிளம்பிப் போய்ச் சேர்த்த பெயர்களில் ஒன்று புத்தகமா மனுஷனா என்பது அவருக்குத் தெரியவில்லை.

"அவங்களையே கேட்டு எழுதிட்டு வாங்க. கையால எழுதினாலும் வாங்கிக்கிறேன். ஆனா திங்கட்கிழமைதான் கடைசி. அதுக்கு மேல பதிவு ரத்தாயிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் குமாஸ்தா.

அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர்தான் வீட்டுப்படியில் கால் வைத்ததும் கொடுத்தாச்சு என்றார். புற்று ஈரலுக்குப் பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிப் பத்து நாள்கூட ஆகவில்லை. இன்றைக்கு அவள் முகம் நேற்று இருந்தமாதிரி இல்லை. மூக்கு கூர்ந்திருந்தது.

கைகால் கழுவிவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அடுக்களையில் வெள்ளத்தாயின் அக்கா வேலுத்தாய் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து இந்த வீட்டு அடுப்பை ஏற்றுக்கொண்டு ஒரு மாதமாகிறது.

சங்கரலிங்கம் விசிறியை எடுத்து மெதுவாக வீசினார். இன்று வெள்ளி. எப்படியாவது பேச்சுவாக்கில் கேட்டு மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்திருந்தார்.

"இந்த மொக்கைச்சாமிங்கிறது யாரு?"

"எந்த மொக்கைச்சாமி?"

"வத்திராயிருப்பு."

அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. "மடை திறக்கிறவரு. நாலு கண்மாய்க்கு அவருதான் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தாரு. ஒரு மடைக்குப் பேரு கேட்டா அந்த மடையில முங்கிச் செத்தவன் பேரு வரைக்கும் சொல்லுவாரு. ஏன்?"

"சும்மாதான். பஸ்ஸுல புரட்டிப் பாத்துக்கிட்டு வந்தேன்."

நே என்று மனதுக்குள் போட்டுக்கொண்டார். செத்த நேரம் விட்டு, "கண்மாய்க் கும்மின்னு ஒண்ணு வருதே, அது?" என்றார்.

வெள்ளத்தாய் கண்ணைத் திறந்தாள். வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. அந்தக் கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"பஸ்ஸுல புரட்டுனது போறப்பவா, வர்றப்பவா?"

விசிறி நின்றது.

"போறப்ப" என்றார்.

தெருவில் யாரோ ஐஸ் வண்டி தள்ளிக்கொண்டு போகிற சத்தம் வந்து, தேய்ந்து, முக்குத் திரும்பிப் போனது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் அந்தக் காகிதங்களில் இருக்கிற ஒரு பெயரைக் கேட்டது கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"பையை எடுத்துட்டு வாங்க" என்றாள் வெள்ளத்தாய்.

அவர் எழுந்து போய்ச் சாக்கை விலக்கிப் பையை எடுத்துவந்தார். கடைசிப் பக்கங்களைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, அடைப்பு காலியாக இருக்கிறது என்றும் திங்கள் கடைசி என்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"பென்சில் இருக்கா?"

மகள் சந்தனமாரி தன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். கொடுத்துவிட்டுக் கதவோரத்தில் நின்றுகொண்டாள்.

"வாசிங்க. மெதுவா வாசிங்க."

அவர் வாசித்தார். அவள் குறி சொன்னாள். முதலில் சுலபமாகத்தான் போனது. கண்மாய்க் கும்மி, நூ. சீனிச்சாமி, சேத்தூர், நே. நீர்நிலைப் பெயர்களில் விகுதிகள், இ. சில பெயர்களில் அவளே நிறுத்தினாள். "அந்தச் சீனிச்சாமிக்குக் காது கேக்காது. மகள்தான் சத்தம் போட்டுக் கேட்டுச் சொன்னா. மகள் பேரையும் போட்டிருக்கேனா பாருங்க" என்றாள். போட்டிருந்தது. ஒரு பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தின் பாதியில் குரல் இறங்க ஆரம்பித்தது. ஒரு பெயரை வாசித்தால் பதில் வர நேரமாயிற்று. மூச்சு உள்ளே போவது தெரிந்தது, வெளியே வருவது தெரியவில்லை. பிறகு ஒரு எழுத்து மட்டும் உதட்டில் வந்தது. அவர் குனிந்து காதை வைத்து வாங்கி அடைப்புக்குள் போட்டார்.

வேலுத்தாய் கஞ்சித் தண்ணி டம்ளரோடு வந்து நின்றாள். தங்கச்சியையும் பார்த்தாள், தரையில் விரித்துக் கிடந்த தாள்களையும் பார்த்தாள்.

"என்ன தம்பி செய்யுதீய?"

"செத்த நேரம் மதினி. முடிஞ்சிரும்."

"எது முடிஞ்சிரும்? அவ முகத்தைப் பாத்தீயளா? பேச விடுதீயளே, மூச்சு வாங்குது. நிம்மதியாக் கண்ணை மூடவிடுங்க." அவள் குரல் உயர்ந்தது. "இந்த எழவெடுத்த படிப்புதான் எந் தங்கச்சியைக் கொண்டுக்கிட்டுப் போகுது. வெயில் மழைன்னு பாக்காம கரை கரையா அலைஞ்சா. வயித்துவலிய மூடி மூடி வச்சா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஏடு நின்னுபோகும்னு ஒருத்தர்கிட்ட மூச்சுவிடல."

இதே வார்த்தைகள் சங்கரலிங்கத்தின் நெஞ்சுக்குள்ளும் ஒரு மாதமாகக் கிடந்தவைதான். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில், பஸ்ஸில், மில் வாசலில் என்று எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார். வேலுத்தாய் சொன்னதும் அவருக்கும் வாய் திறந்துகொண்டது.

"மதினி சொல்லுததுல என்ன தப்பு?" என்றார் மனைவியைப் பார்த்து. "மறைச்சுத்தானே வச்சே? ஆறு மாசம் முந்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வித்துச் செலவழிச்சாவது..."

கதவோரத்தில் நின்ற சந்தனமாரி, "அப்பா" என்றாள்.

அவர் நிறுத்தினார். சொல்லக்கூடாத நேரத்தில் சொல்லிவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னது வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது.

வெள்ளத்தாய் உத்திரத்தைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு சொன்னாள். அதற்கு மட்டும் குரல் எங்கிருந்தோ தெளிவாக வந்தது.

"மறைக்கல. சொன்னேன்."

"எப்ப?"

"போன வருசம் தீபாவளிக்கு முந்தின நாளு. அடுப்படியில வச்சு. நீங்க முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தீய. வயித்துக்குள்ள கல்லு கெடக்கிற மாதிரி இருக்குன்னேன். கேஸா இருக்கும், சோடா வாங்கிக் குடின்னீய."

குற்றம் சொல்லுகிற குரலாக அது இல்லை. இன்னார் சொன்னது, இன்ன ஊர், இன்ன நாள் என்று சொல்லுகிற குரலாக இருந்தது. வேலுத்தாய் கையில் டம்ளரை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சங்கரலிங்கம் நினைத்துப் பார்த்தார். முறுக்கு ஞாபகம் வந்தது. எண்ணெய்ப் புகை ஞாபகம் வந்தது. மில்லில் போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டிருந்ததும், அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தன. அவள் சொன்னது ஞாபகம் வரவில்லை. அவள் சொல்லியிருப்பாள் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

"அடுத்தது வாசிங்க" என்றாள் வெள்ளத்தாய்.

அவருக்கு எழுத்து தெரியவில்லை. தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். பிறகு வாசித்தார். அவள் நூ என்றாள். அடுத்ததற்கு நே என்றாள். வேலுத்தாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தங்கச்சியின் பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். பாதம் சில்லிட்டிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. மூன்றாம் பக்கத்துக்குப் போனார்கள். வெள்ளத்தாய் நடுவில் அசந்துபோவாள். அவர் காத்திருப்பார். கண் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து வாசிப்பார். வாசலில் வெயில் தாழ்ந்து எதிர்வீட்டுச் சுவரில் ஏறியது.

"கருத்தப்பாண்டி, பிளவக்கல், எண்பத்தெட்டு" என்று வாசித்தார்.

பதில் இல்லை. அசந்திருப்பாள் என்று காத்திருந்தார். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கருத்தப்பாண்டி, பிளவக்கல்" என்றார் இன்னொரு தடவை. "ஆளுதானே? நேர்காணல்னு போடட்டுமா?"

பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. வேலுத்தாய் எழுந்தாள். தங்கச்சியின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்தாள். வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"கருத்தப்பாண்டி" என்றார் சங்கரலிங்கம், மூன்றாவது தடவையாக.

"விடுங்க தம்பி" என்றாள் வேலுத்தாய்.

தெருப் பெண்கள் வந்து கூடத்தை நிறைத்தபோதும் பென்சில் அவர் கையில்தான் இருந்தது. யாரோ அதை வாங்கிச் சன்னல் கட்டையில் வைத்தார்கள். சந்தனமாரி மட்டும் அழுதுகொண்டே தாள்களைப் பக்க எண் பார்த்து அடுக்கினாள். மிதிபடாமல் இருக்கப் பீரோவின் மேல் தூக்கி வைத்தாள்.

மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேராசிரியர் ராஜரத்தினம் மாலையோடு வந்தார். வெள்ளத்தாய்க்கு ஆய்வு வழிகாட்டி. ஓய்வுபெறப் போகிற வயசு. மாலையைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் நின்றவர், வெளியே போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முன்னால் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கரலிங்கம் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஐயா, ஒரு நிமிசம் பின்னால வாரீயளா?" என்றார்.

கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் தாள்களை விரித்தார். பேராசிரியர் பென்சில் குறிகளைப் பார்த்தார். கடைசிக் குறிக்கு மேல் அவருடைய விரல் நின்றது.

"எப்ப எழுதினது?"

"நேத்து. அவ சொல்லச் சொல்ல." சங்கரலிங்கம் கடைசித் தாளை முன்னால் தள்ளினார். "மிச்சம் ஒரு பக்கம் இருக்கு. ஐயாவுக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஆனா..." பேராசிரியர் அவரைப் பார்த்தார். "சங்கரலிங்கம், நான் சொல்லாம இருக்கக்கூடாது. இனிமே பட்டம் வராது. வாய்மொழித் தேர்வுன்னு ஒண்ணு இருக்கு. எழுதினவங்க வந்து உக்காந்து பதில் சொல்லணும். ஆள் இல்லாம பட்டம் கொடுக்க மாட்டாங்க."

சங்கரலிங்கம் இதை நினைத்திருக்கவில்லை. தாள் காற்றில் படபடத்தது. அதன்மேல் கையை வைத்தார்.

"அப்ப கொடுத்து என்ன பிரயோசனம்?"

பேராசிரியர் பட்டியலை ஒரு தடவை பார்த்தார்.

"கொடுத்தா வாங்கி நூலகத்துல வைப்பாங்க. அம்புட்டுதான். நாளைக்கு யாரோ ஒருத்தன் இந்தக் கண்மாயைப் பத்தி எழுத வருவான். எடுத்துப் பார்ப்பான். அவன் பட்டியல்ல டீச்சர் பேரைப் போட்டு, பக்கத்துல ஆ-ன்னு குறி போடுவான். கொடுக்கலன்னா அவன் போடுறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல கெடக்கிற காகிதத்துக்குக் குறி கிடையாது."

சங்கரலிங்கம் பென்சிலை எடுத்துக்கொண்டார். "வாசிக்கட்டுமாய்யா?"

முதலில் கருத்தப்பாண்டிதான் நின்றது. அதற்கு அவர் தானாகவே நே என்று போட்டார். பேராசிரியர் தலையை ஆட்டினார்.

"இது ஆள் இல்ல. கருத்தப்பாண்டி கல்லு. அணைக்குள்ள முங்கிக் கெடக்கிற கல்வெட்டு. ஒரு சித்திரையில தண்ணி வத்தினப்ப டீச்சர் சகதிக்குள்ள இறங்கிப் போயி எழுத்தைப் படி எடுத்துக்கிட்டு வந்தாங்க. நான் கரையில நின்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

சேலை முழங்கால் வரை சகதியாக அவள் வீட்டுக்கு வந்து நின்ற ஒரு சாயங்காலம் சங்கரலிங்கத்துக்கு நினைவு வந்தது. பொம்பளை வருகிற கோலமா இது என்று அன்றைக்குக் கத்தியிருந்தார். அவர் நே-யை அழித்தார். அழித்த இடத்தில் தாள் லேசாகத் தேய்ந்தது. க என்று போட்டார்.

அந்தப் பக்கம் முடிகிற நேரத்தில் பின்கதவில் வேலுத்தாய் வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம்.

"குளிப்பாட்டத் தண்ணி எடுக்கணும், ஆம்பளையக் காணோம்னு எல்லாரும் தேடுதாவ. பிரேதத்தை நடுவீட்டுல போட்டுட்டு இங்க கணக்கு எழுதிக்கிட்டு இருக்கீயளா?"

"வந்துட்டேன் மதினி."

"நானும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். பட்டம் வராதுன்னு ஐயாவே சொல்லுதாரு. பொறவு யாருக்கு இது? செத்தவ வந்து பாக்கப் போறாளா?"

பேராசிரியர் ஓரமாக விலகி நின்றார். வேலுத்தாய் துவைகல்லை நெருங்கி வந்தாள். தாளைக் கிழித்துவிடுவாளோ என்று சங்கரலிங்கம் ஒரு கணம் பயந்தார். அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஏதோ ஒரு வரியில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"வாங்க, நேரமாகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மதியத்துக்கு மேல் எடுத்தார்கள். ஆண்பிள்ளை இல்லாததால் சங்கரலிங்கமே மொட்டையடித்துக் கொள்ளிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை பாலூற்றி, சாம்பல் கரைத்துவிட்டு வந்து, குளித்து ஈரத்தோடு உட்கார்ந்தபோது சந்தனமாரி தாள்களோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். பென்சில் எழுத்தின்மேல் மையில் எழுதினாள். ஒவ்வொரு அடைப்புக்குள்ளும் நடு மத்தியில் எழுதினாள். அப்பாவுடைய கோணல் பென்சில் எழுத்துகளை மை காய்ந்தபிறகு ரப்பரால் துடைத்தாள். ஒரு பிரதி முடிந்ததும் அடுத்த பிரதியை எடுத்தாள்.

திங்கள் காலை அவர் பையை எடுத்தபோது கூடத்தில் பேச்சு எழுந்தது. பதினாறு கழியாமல் வாசல் தாண்டி வெளியூர் போகிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். சங்கரலிங்கம் செருப்பைத் தேடினார். எல்லோரும் வேலுத்தாயைப் பார்த்தார்கள். அவள் சொன்னால் நிற்பார் என்று நினைத்தார்கள்.

வேலுத்தாய் கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு வந்தாள்.

"பனி விழுது. மொட்டத் தலையோட போகாதீய" என்று கொடுத்தாள். பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "அவரு போயிட்டு வரட்டும். பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவாரு" என்றாள்.

அலுவலகத்தில் அதே குமாஸ்தா இருந்தார். ஆளை அடையாளம் தெரிந்துகொண்டார். பிரதிகளை வாங்கி நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போனார். விரலை ஒவ்வொரு அடைப்பாக இறக்கிக்கொண்டே வந்தார்.

"பரவாயில்லையே, எல்லாம் போட்டாச்சே. யாரு எழுத்து இது, அழகா இருக்கு?"

"மகள் எழுத்து."

"சரி." முத்திரையை மையில் ஒற்றினார். ஒற்றியவர் கையை அந்தரத்தில் நிறுத்தினார். "ஆய்வாளர் வரலையா? அன்னைக்கே உடம்புக்கு முடியலன்னீங்க. இப்ப எப்படி இருக்காங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தார். என்ன சொல்லலாம் என்று திருமங்கலம் வரை யோசித்துக்கொண்டும் வந்திருந்தார். இன்னொரு தடவை பொய் சொல்ல நா எழவில்லை. உண்மையைச் சொன்னால் முத்திரை விழுமா என்று தெரியவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பையன் எட்டிப் பார்த்தான்.

சங்கரலிங்கம் தலையில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

குமாஸ்தா அந்தத் தலையைப் பார்த்தார். மழித்து இரண்டு நாள்கூட ஆகாத தலை. பார்த்துவிட்டு முன்பக்கத்தில் இருந்த பெயரைப் பார்த்தார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். முத்திரையில் மை காய்ந்திருக்கும் என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி ஒரு தடவை மையில் அழுத்தினார். பிறகு ஒவ்வொரு பிரதியிலும் நிதானமாக, கோணாமல் குத்தினார்.

"அடுத்து" என்றார் பின்னால் பார்த்து.

திரும்புகிற பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கிருஷ்ணன்கோவிலில் பாதிக் கூட்டம் இறங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் மண்வெட்டிக்குப் போடுகிற கணைக் கம்போடு ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் வலதுபக்கம் ஒரு கண்மாய் வந்தது. மார்கழி மழைக்குப் பெருகிக் கரை முட்ட நின்றது. எத்தனையோ தடவை இந்த வழியில் போய் வந்திருக்கிறார்.

"இது என்ன கண்மாய்?" என்று கேட்டார் சங்கரலிங்கம்.

"இதுவா? நொண்டிக் கண்மாய்."

"ஏன் அப்படிப் பேரு?"

பெரியவர் திரும்பினார். அப்போதுதான் மொட்டையைப் பார்த்தார்.

"வீட்டுல யாரு?"

"சம்சாரம்."

பெரியவர் மண்வெட்டிக் கணையைக் கால்களுக்கு நடுவில் மாற்றி வைத்துக்கொண்டார். பிறகு சன்னலுக்கு வெளியே மோவாயால் காட்டினார்.

"ஒரு பக்கத்துக் கரை குட்டை. அதான்."

சங்கரலிங்கம் பார்த்தார். கரை ஒரு பக்கம் குட்டையாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் வெளியே தெரிந்தது.